பழைய அளவும் புதிய பொறியும்

எந்த அளவும் ஒரு காலத்திற்கும் ஓர் இடத்திற்கும் உரியது. அதனை வகுத்தவன் அஃது எதன்பொருட்டு வகுக்கப்பட்டது என்பதை அறிவான். அவனுக்குப் பின் வருவோர்க்கோ அளவு மாத்திரம் எஞ்சுகின்றது, காரணம் மறைந்துவிடுகின்றது. காரணத்தை இழந்த அளவு நாளடைவில் கட்டளையாகி, அக்கட்டளை ஒரு நாள் தீங்காகவும் முடிகின்றது. இவ்வுண்மையை நம் வீடுகளிலும் படிப்பகங்களிலும் உள்ள கணிப்பொறிகள் நமக்கு நன்கு புலப்படுத்துகின்றன. பொறியை முடுக்கியவுடன் கருந்திரையில் சில வெள்ளெழுத்துகள் ஓடி, அவ்வளவில் அது நின்றுவிடுதலும், உடனே அதனைக் கடைக்குத் தூக்கிச் செல்லுதலும், 'எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட வேண்டும்' என்று கடைக்காரர் தீர்ப்புக் கூறுதலும் யாவரும் அறிந்த நிகழ்ச்சிகளே. அத்தீர்ப்புப் பல வேளைகளில் ஆராயாது வழங்கப்படுவது என்பதும், அதனால் திரும்பப் பெறவியலாத செல்வம் அழிகின்றது என்பதும் இக்கட்டுரையில் யாம் நிறுவக் கருதியவை.

தமிழ் பயிலும் மாணவன் பொறியைப் பற்றி எழுதப் புகுவானேன் என்று வினவுவாரும் இருக்கலாம். அவர்க்குரிய விடை கட்டுரையின் இடையே தானே வெளிப்படும். முதற்கண் பொறி கண்விழிக்கும் முறையைச் சுருக்கமாக அறிந்துகொள்வோம்.

மின்விசையை அழுத்தியதும் முதலில் எழுவது பலகையிலேயே பதிந்துள்ள சிறு நிரல். அஃது எத்துணை நினைவகம் உண்டு, எந்த வன்தட்டு உண்டு என்று கணக்கெடுத்து, 'க்ரப்' முதலிய தொடக்க நிரலிடம் பொறுப்பை ஒப்படைக்கும். தொடக்க நிரல் வன்தட்டிலிருந்து கர்னலை எடுத்து நினைவகத்தில் வைத்து, அதன் செவியில் சில கட்டளைச் சொற்களையும் ஓதி எழுப்பிவிடும். கர்னல் என்பது ஈண்டுச் சேனைத் தலைவரைக் குறிப்பதன்று. வித்தினுள் இருக்கும் பருப்பைக் குறிப்பது. இயங்குதளத்தின் உயிர்நிலை அதுவே. 1991-ஆம் ஆண்டு பின்லாந்து நாட்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராய் இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் என்பார் தம் இருபத்தொன்றாம் வயதில் எழுதி வெளியிட்ட கர்னலே லினக்ஸ். கர்னல் எழுந்ததும், தான் வன்தட்டை அணுகுதற்கு வேண்டிய கருவிகளை அடக்கிய சிறு மூட்டை ஒன்றை நினைவகத்தில் அவிழ்க்கும். பின்னர் வன்தட்டைக் கண்டு, அதிலுள்ள ஏனைய பணிகளை ஒவ்வொன்றாகத் தொடங்கி வைக்கும். இவையெல்லாம் நிகழ்ந்த பின்னரே நாம் நம் பெயரையும் கடவுச்சொல்லையும் இடும் வாயில் திறக்கின்றது.

இத்துணைப் பணிக்கும் இடந்தருவது நினைவகமே. அதனைக் கர்னல் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளும். நம்மவர் கையாளும் பொறிகளில் ஒரு பக்கம் 4 கிலோபைட்டு அளவினது. பெருந்தரவுத் தளங்களுக்கும், ஒரு பொறிக்குள் மற்றொரு பொறியைப் பாவனையாய் இயக்குவோர்க்கும் இச்சிறு பக்கங்கள் இடர் தருமாதலின், 2 மெகாபைட்டு அளவுள்ள பெரும்பக்கங்களையும் கர்னல் அளிக்கும். அவற்றை முன்னரே ஒதுக்கி வைக்குமாறு எண் குறித்துக் கட்டளையிடலாம். ஒதுக்கப்பட்ட இடத்தைப் பிற பணிகள் தொடலாகாது என்பது விதி. இனிக் கணக்கைப் பாருங்கள். 1024 பெரும்பக்கங்களை ஒதுக்கு என்று ஒருவர் எழுதி வைத்தால், 1024-ஐ இரண்டால் பெருக்க 2048 மெகாபைட்டு, அஃதாவது 2 ஜிகாபைட்டு ஆகும். 8 ஜிகாபைட்டு உள்ள பொறியில் இது நாலில் ஒரு பங்கு. 4 ஜிகாபைட்டில் பாதி. 2 ஜிகாபைட்டில் முழுமையும். வீட்டுக்காரன் விருந்தினர்க்கென எல்லா அறைகளையும் பூட்டிவிட்டுத் தான் திண்ணையிலும் இடமின்றி நிற்பதனை ஒக்கும் இது. அந்நிலையில் கர்னல் தன் மூட்டையை அவிழ்க்கவும் இடமின்றி, நினைவகமின்மையால் இயக்கம் முட்டுப்பட்டது என்று கூறிச் சரிந்துவிடும். இதனையே 'கர்னல் பானிக்' என்பர்.

இத்தகைய எண்கள் வேறு சிலவும் உள. 'மெம்' என்னும் சொல், இவ்வளவு நினைவகத்தையே பயன்படுத்துக என்று கர்னலுக்கு வரம்பிடுவது. நினைவகத்தின் ஒரு பகுதி பழுதுபட்ட காலத்து அப்பகுதியை விலக்கற்பொருட்டு ஒருவர் இதனை எழுதியிருக்கலாம். பழுது நீங்கிய பின்னும் வரம்பு நீங்குவதில்லை. கர்னல் புதுப்பிக்கப்படுந்தோறும் அதன் மூட்டை பெருத்துக்கொண்டே வர, பழைய வரம்பினுள் அஃது அடங்காத நாள் ஒன்று வருகின்றது. எப்பொழுதும் இத்துணை கிலோபைட்டு வெறுமையாய் இருக்கட்டும் என்று கூறும் எண் மற்றொன்று. அதனை மிகக் குறைத்தால் பொறி நுட்பமாய்க் கெடும். மிக உயர்த்தினாலோ அப்பொழுதே நினைவகம் தீர்ந்துபோம் என்று லினக்ஸ் கர்னலின் ஆவணங்களே எச்சரிக்கின்றன. லினக்ஸின் உறவினதாகிய ஃப்ரீபிஎஸ்டி என்னும் இயங்குதளத்தில் 2008-ஆம் ஆண்டு 7.0 பதிப்புடன் இசட்எஃப்எஸ் என்னும் கோப்பமைப்புப் புகுந்தபொழுது, கர்னலுக்குரிய நினைவக அளவைக் கையால் எழுதுமாறு பயனர்க்கு அறிவுறுத்தப்பட்டது. எழுதாதவர் பொறிகள் சரிந்தன. பின் வந்த பதிப்புகளில் 64 பிட்டுப் பொறிகளுக்கு அத்தேவை நீங்கியது. அன்று காத்த எண்ணே இன்று தளையாயிற்று. மருந்துச்சீட்டு நோய் தீர்ந்த பின்னும் தொடர்ந்தால் அதுவே நஞ்சாகும் அன்றோ?

ஈண்டு நோக்கத்தக்க நுட்பம் ஒன்றுண்டு. நினைவகம் போதாமையால் மூட்டை அவிழாதபொழுது, கர்னல் வன்தட்டை அணுகும் கருவிகளைப் பெறாது. ஆகவே திரையில் இறுதியாய் நிற்கும் வாசகம், மூலக் கோப்பமைப்பை ஏற்ற இயலவில்லை என்பதாகவே இருக்கும். இதனை மட்டும் படித்தவர், வன்தட்டுப் போயிற்று என்றே எண்ணுவர். நோய் நினைவகக் கட்டளையில், வலி வன்தட்டில். அதற்குச் சில வரிகள் மேலே, மூட்டையை அவிழ்த்தல் தவறிற்று என்னும் வாசகம் உண்மையைக் கூறி நிற்கும். கடைசி வரியைப் படித்துத் தீர்ப்பளிப்பவர் அதனைக் காணார்.

இது வெறும் ஊகமன்று. எம் கண்முன் நிகழ்ந்தது. பெரியதாழையில் பொறியியல் பயின்ற இளைஞர் ஒருவர், 2 ஜிகாபைட்டு நினைவகங்கொண்ட தம் மடிக்கணினியில் மற்றொரு 2 ஜிகாபைட்டுத் துண்டைச் சேர்த்து, தம் பயிற்சிக்காக 1024 பெரும்பக்கங்களை ஒதுக்குமாறு தொடக்கக் கட்டளையில் எழுதியிருந்தார். படிப்பு முடிந்து அவர் கப்பல் வேலைக்குச் சென்றுவிட, பொறி அவர் தங்கையிடம் வந்தது. அவர் எம்மைப்போலத் தமிழ் பயில்பவர். கரையோரத்து உப்புக்காற்றால் சேர்த்த துண்டின் இணைப்பு அரிக்கப்பட்டு, ஒரு நாள் பொறி அதனைக் காணாதொழிந்தது. அன்றே தொடக்கமும் நின்றது. நகரத்துக் கடை ஒன்றில் 'தட்டுப் போயிற்று' என்று கூறி, அத்தட்டையே அழித்துப் புதிய இயங்குதளம் ஏற்றித் தந்தனர். பொறி ஓடிற்று. தட்டுப் போயிருந்தால் அதே தட்டில் ஏற்றிய புதிய தளம் எவ்வாறு ஓடும் என்று அங்கு எவரும் வினவவில்லை.

அழிந்தது என்ன என்பதை நண்பர்கள் அறிதல் வேண்டும். இரண்டு கோடை விடுமுறைகளில் அத்தங்கை தம் பாட்டியாரிடத்தும் அண்டை வீட்டு முதியோரிடத்தும் கேட்டுப் பதிந்து வைத்த பேச்சுகள் அவை. வாடை, கொண்டல், கச்சான், சோளகம் என்னும் காற்றுகளின் பெயரை நாமும் அறிவோம். ஆயின் எந்தக் காற்றில் எவ்வலை, எந்நீரோட்டத்தில் எம்மீன், வலையின் எவ்வுறுப்புக்கு யாது பெயர், வள்ளம் தள்ளும்பொழுது யாது அம்பா பாடினர் என்பனவெல்லாம் ஏட்டில் ஏறாதவை. பாடியவருள் ஒருவர் அவ்வாண்டே மறைந்தார். அச்சிட்ட நூல் அழிந்தால் மற்றொரு படி எங்கேனும் கிடைக்கும். மறைந்தவர் குரலுக்கு மறுபடி இல்லை. தமிழ் மாணவனுக்கும் பொறிக்கும் யாது தொடர்பு என்று வினவியவர்க்கு இதுவே எம் விடை.

இக்கதையின் பிற்பகுதியே நமக்கு ஊக்கம் தருவது. அவ்விளைஞர் தாம் ஊரில் இருந்தபொழுது, தம் வன்தட்டின் படி ஒன்றை அவ்வூர்ப் படிப்பகத்துப் பொறிக்கும் எடுத்துக் கொடுத்திருந்தார். அப்பொறியிலும் 4 ஜிகாபைட்டே இருந்தது. சில திங்களின் பின் அதிலிருந்து ஒரு நினைவகத் துண்டைக் கழற்றிப் பிறிதொரு பொறிக்கு மாற்றினர். அன்று மாலை அதே வெள்ளெழுத்துகள் அதே இடத்தில் நின்றன. இம்முறை கடைக்குப் போகாமல், திரையில் நின்றவற்றை மேலிருந்து கீழாகப் படித்தோம். தொடக்கக் கட்டளையைத் திறந்தோம். அவ்வொரு சொல்லை நீக்கினோம். சில நொடிகளில் பொறி எழுந்தது. ஒரு கோப்பும் அழியவில்லை.

ஆதலின் இத்தகைய இடுக்கணில் மேற்கொள்ளத்தக்க முறையை வரிசைப்படக் கூறுதும்.

முதலாவது, திரையைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளுதல். கைபேசி இல்லாதார் இல்லை. இறுதி வரியை மட்டுமன்றி, முதலில் தவறு கூறும் வரியைத் தேடுக.

இரண்டாவது, யு.எஸ்.பி. கோலில் இட்ட லினக்ஸைக் கொண்டு அதே பொறியைத் தொடங்கிப் பார்த்தல். அக்கோலில் உள்ள கர்னலுக்குப் பழைய கட்டளைகள் தெரியா. அது நன்றாக எழுந்தால் பலகையும் நினைவகமும் பெரும்பாலும் குற்றமற்றவை. குற்றம் தட்டில் எழுதப்பட்டதில் இருக்கின்றது எனத் துணியலாம். அப்பொழுதே வன்தட்டைத் திறந்து வேண்டிய கோப்புகளையெல்லாம் வேறிடத்தில் படியெடுத்துவிடுக. இதன் பின்னரே பிற முயற்சி.

மூன்றாவது, பொறி எவ்வளவு நினைவகத்தைக் காண்கின்றது என்று நோக்குதல். நான்கு இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு இருப்பின், துண்டு கழன்றது அல்லது அரிக்கப்பட்டது என்பது வெளிப்படை. ஐயம் எழுந்தால் மெம்டெஸ்ட் என்னும் சோதனையை நிகழ்த்துக.

நான்காவது, பொறி எழும்பொழுது ஷிஃப்ட் விசையையோ எஸ்கேப் விசையையோ அழுத்தி க்ரப் பட்டியலை வரவழைத்தல். பழைய கர்னல் இருப்பின் அதனைத் தேர்ந்து பார்க்கலாம். ஆங்கில 'இ' விசையை அழுத்தினால் கட்டளை வரி திறக்கும். அதில் நினைவகம் பற்றிய எண் உளதாயின் அதனை நீக்கி, கண்ட்ரோல் விசையுடன் 'எக்ஸ்' விசையை அழுத்துக. இம்மாற்றம் அவ்வொரு முறைக்கே உரியதாதலால் அஞ்ச வேண்டுவதில்லை. பயனின்றேல் மறுமுறை எல்லாம் முன்போலவே இருக்கும்.

ஐந்தாவது, பயன் கண்டபின் நிலையாகத் திருத்துதல். டெபியன் வழிப்பட்ட தளங்களில், க்ரப்பின் அமைப்புக் கோப்பிலிருந்து அவ்வெண்ணை அகற்றி, 'அப்டேட்-க்ரப்' கட்டளையை இடுக. தொடக்க வரியில் குற்றம் காணாதவிடத்துச் சிஸ்கன்ட்ரோல் அமைப்புக் கோப்புகளையும் நோக்குக. பெரும்பக்க எண்ணும் வெறுமை காக்கும் எண்ணும் அங்கும் எழுதப்படுவதுண்டு.

தொடங்காத பொறிகளுக்கெல்லாம் இதுவே காரணம் என்று யாம் கூறவில்லை. வன்தட்டு உண்மையாகவே தேய்ந்து அழிவதுண்டு. மின்தடையால் கோப்பமைப்புக் குலைவதுண்டு. கரையூர்களில் உப்புக்காற்றின் கொடுமை சொல்லுந்தரத்ததன்று. ஆயின் எந்நோய்க்கும் ஒரே சிகிச்சை தலையை வெட்டுதல் என்பது மருத்துவமாகாது. மேற்கூறிய சோதனைகளுக்கு ஒரு மணி நேரமும் ஒரு யு.எஸ்.பி. கோலும் போதும்.

'புதிய தளத்தை ஏற்றுதல் அரைமணி வேலை. காரணம் தேடிக் காலம் கழிப்பானேன்?' என்பர் சிலர். அரைமணியில் ஏறுவது தளமே ஒழிய, அதன்மேல் இருந்த உழைப்பன்று. அன்றியும், எல்லாவற்றையும் அழித்தபின் பொறி ஓடுவதனாலேயே காரணம் என்றென்றைக்கும் மறைந்துவிடுகின்றது. அழித்தவர் தம் பிழைபட்ட தீர்ப்பே மெய் என்று நம்பி, அடுத்த பொறிக்கும் அதனையே கூறுகின்றார். 'இக்காலத்துக் கர்னல்கள் நினைவகத்தின் அளவைப் பார்த்துத் தாமே வேண்டியதை வகுத்துக்கொள்ளும். கையால் எண் எழுதுவார் எவர்?' என்பர் வேறு சிலர். இதில் உண்மையுண்டு. தானே வகுக்கும் அளவு பொறி மாறத் தானும் மாறும். கையால் எழுதிய எண்ணோ மாறாது. எழுதுவோர் அருகியதனாலேயே எழுதப்பட்டது ஒன்றுண்டு என்னும் நினைவும் அருகிப்போயிற்று. தமிழகத்தில் 2011-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தால் ஏழை மாணவர் பலர் கையில் பொறி வந்தது. அவற்றுட் பலவற்றில் விண்டோஸுடன், சீடாக் நிறுவனம் டெபியனை அடியாகக் கொண்டு அமைத்த பாஸ் லினக்ஸும் இருந்தது. அத்தகைய பொறிகள் அண்ணனிடமிருந்து தம்பிக்கும், அவனிடமிருந்து படிப்பகத்திற்கும் கைமாறுவன. கைமாறுந்தோறும் எண் செல்கின்றது, காரணம் செல்வதில்லை.

நம் கரையோரத்து முன்னோர் இதில் நம்மினும் விழிப்புடையராய் இருந்தனர். கடலில் மீன்பார் உள்ள இடத்தை, கரையிலுள்ள கோபுரமும் பனையும் நேர்படும் குறியால் அறிவது மீனவர் வழக்கம். பனை வீழ்ந்தால் குறியும் வீழும். உடனே வேறு குறி காண்பர். பழைய குறியைப் பிடித்துக்கொண்டு வெறுங்கடலில் வலைவீசுவார் இலர். பெரியதாழையில் தூண்டில் வளைவு எழுந்துள்ளது. அத்தகைய சுவரின் ஒரு பக்கத்தில் மணல் சேர, மறுபக்கம் அரிக்கப்படும் இயல்பினால், வள்ளம் கரையேற்றும் இடத்தையும் நோக்கி நோக்கியே முடிவுசெய்ய வேண்டும். தூத்துக்குடி முத்துக்குளிப்பின் முறையும் அதுவே. சென்ற ஆண்டு முத்துக் கிடைத்தது என்பதனால் இவ்வாண்டும் குளிப்புக்கு நாள் குறிப்பதில்லை. முதலில் பார்களைச் சோதித்து, சிப்பிகளை எடுத்து, அவற்றின் வளர்ச்சியையும் முத்தின் மதிப்பையும் ஆராய்ந்த பின்னரே குளிப்பு அறிவிக்கப்படும். 1955 முதல் 1961 வரை நிகழ்ந்த தொடரோடு அக்குளிப்பு ஓய்ந்தது. எனினும் அச்சோதனையின் நெறி ஓயத்தக்கதன்று.

பழைமையை இகழ்தல் எம் கருத்தன்று. காலத்தால் சில வழக்குகள் வீழ்தலும் சில புகுதலும் குற்றமல்ல என்று இலக்கணம் கற்ற நாம் அறிவோம். எதனை வீழவிடுவது, எதனைக் காப்பது என்னும் தெளிவே வேண்டுவது. கடைத்தெருவில் இன்று நிகழ்வது தலைகீழ்: வீழவேண்டிய எண் அறியப்படாமல் நிற்க, காக்கவேண்டிய குரல் அழிக்கப்படுகின்றது.

நம் கல்லூரியும் நம் ஊர்ப் படிப்பகங்களும் மேற்கொள்ளத்தக்க மூன்று செயல்களைக் கூறி அமைவோம். கையால் எண் எழுதுபவர், அதனருகிலேயே தம் காரணத்தையும் நாளையும் எழுதுக. அமைப்புக் கோப்பில் குறிப்பு எழுத இடமுண்டு. ஒவ்வொரு பொறியின் அருகிலும் ஒரு குறிப்பேடு தொங்கவிடுதலும் நன்று. அடுத்து, நினைவகத்தைக் கூட்டும்பொழுதும் குறைக்கும்பொழுதும் தளத்தைப் புதுப்பிக்கும்பொழுதும் அவ்வேட்டைத் திறந்து, பழைய எண்களுள் இன்னும் வேண்டுவது எது என்று ஆராய்க. மூன்றாவது தமிழ் மாணவராகிய நமக்கே உரியது. கருந்திரையில் தோன்றும் வாசகங்கள் ஆங்கிலத்தில் இருத்தலால், அவற்றைக் கண்டு மருண்டு நம் ஊரார் பொறியைப் பிறர் கையில் ஒப்புவிக்கின்றனர். அடிக்கடி தோன்றும் இருபது வாசகங்களுக்கு எளிய தமிழில் பொருளும், செய்யத்தக்கதும் எழுதி ஒரே தாளில் அச்சிட்டுப் படிப்பகந்தோறும் ஒட்டினால் எத்துணை பேருக்குப் பயன்படும்! பொறியியல் மாணவரும் தமிழ் மாணவரும் கூடி அமர்ந்தால் ஒரு விடுமுறையில் முடியும் பணி இது. அத்தாளின் முதல் வரியாக எழுதத்தக்கது இது: 'எதனையும் அழிக்குமுன், படியெடுத்து வைக்க.'